ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர்களுக்கு வரும் புத்தித் தடுமாற்றமும் ரத்தம் ஏற்றுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்களின் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்தான் இதில் அதிகம். மூட்டு மாற்று, குடல், இதய ஆபரேஷன்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் ராத்திரியிலிருந்து என்னென்னவோ பேசுகிறார். ஏற்றிய ரத்தம்தான் காரணமா?

அது மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விழுந்த அதிர்ச்சி, முறிவின் வலி, ஆபரேஷனுக்காகப் பட்டினி, நீர் வற்றியது, ரத்தம் போனது, வலி மருந்துகள், கெட்டுப்போன தூக்கம், பழக்கமில்லாத இடம். இரண்டு மூன்று நாளில் இத்தனையும் ஒரு வயதான மூளையின் மேல் இறங்கியிருக்கின்றன. ரத்தம் ஏற்றியது அதில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று. பாக்கெட் தொங்கியது, சொட்டுச் சொட்டாக இறங்கியது, மறுநாள் அம்மா மாறிவிட்டார். மனசு அதைப் பிடித்துக்கொள்வது இயல்புதான்.

ஆனாலும் கேள்வி வீண் இல்லை. ரத்தம் ஏற்றிக்கொண்ட முதியவர்களிடம் இந்தத் தடுமாற்றம் அதிகம் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் சிக்கல். கீழே விரிவாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்று: அம்மா இப்படிப் பேசுவதை டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். "வயசானவங்க, அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. பின்னால் நிமோனியா, சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மாரடைப்பு என்று ஏதாவது ஒளிந்திருக்கலாம்.

இது மறதி நோயின் ஆரம்பமா?

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்தது என்றால் பெரும்பாலும் டெலிரியம், அதாவது திடீரென வரும் புத்திக் குழப்பம். காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் குழம்புவார். எதிலும் கவனம் நிற்காது. டெமென்ஷியா என்கிற மறதி நோய் அப்படி வருவதில்லை; அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக ஊறி வருவது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். "சனி, வெள்ளி, வியாழன்" வரை வருவார். பிறகு தானாகவே "வெள்ளி, சனி" என்று முன்பக்கம் திரும்பிவிடும், அல்லது பாதியில் போர்வையின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்துவிடுவார். போன வாரம் வரை இதைச் சரியாகச் சொல்லியிருக்கக்கூடியவர் என்றால், அந்தத் திணறலை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். இது ஞாபகசக்திக்கான சோதனை இல்லை, கவனத்துக்கான சோதனை. டெலிரியத்தில் முதலில் உடைவது கவனம்தான்.

டெலிரியம் வராமலே, அல்லது அது தெளிந்த பிறகும், கணக்குப் போடுவது, பெயர்களை நினைவுபடுத்துவது, மாத்திரைகளைப் பிரித்து எடுப்பது போன்றவற்றில் மந்தம் தங்கலாம். 2018-இல் நிபுணர்கள் இதற்கு ஒரு வகைப்பாடு வகுத்தார்கள். 30 நாளுக்குள் தெரிவது தாமதமான மீட்சி. 30 நாளிலிருந்து 12 மாதம் வரை நீடிப்பது ஆபரேஷனுக்குப் பிந்தைய அறிவாற்றல் கோளாறு.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா பழைய ஆளாகவே இல்லை" என்று பலர் சொல்கிறார்களே, அது உண்மையா?

உண்மையாக நடப்பதுதான். பெட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1955-லேயே, குடும்பங்கள் சொன்ன இதே புகாரைக் கையில் எடுத்து லான்செட் இதழில் எழுதினார். சரியான அளவீடு 1998-இல் அதே இதழில் வந்தது. பல நாடுகளில் 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரை, இதயம் தவிர்த்த பெரிய ஆபரேஷன்களுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேரிடம் அறிவாற்றல் சரிவு தெரிந்தது. மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதமாக இறங்கியது. ஆபரேஷனே செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் அதே நேரத்தில் 2.8 சதவீதம்.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். நான்கில் ஒருவருக்கு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்குள் மீள்கிறார்கள்.

எங்கள் அப்பா உளறவே இல்லை. அமைதியாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார். அது நல்லதுதானே?

இல்லை. வார்டில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். பக்கத்துக் கட்டில்காரர் டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்து சத்தம் போட்டால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். அப்பா கண்ணை மூடிப் படுத்திருப்பார். கூப்பிட்டால் ஒரு வார்த்தை. இட்லியை வாயில் வைத்தால் மெல்லாமல் அப்படியே வைத்திருப்பார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "பாவம், களைச்சுப்போயிட்டார், தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இதுவும் டெலிரியம்தான். முதியவர்களிடம் இந்த அமைதியான வகையே அதிகம், பின்விளைவும் பெரும்பாலும் இதில்தான் மோசம். பகலில் எழுப்பினால் முழுசாக விழித்துப் பேச முடியாதவரைத் தூங்குகிறார் என்று எண்ணாதீர்கள். சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

ஏற்றிய ரத்தம் மூளையை எப்படிப் பாதிக்க முடியும்?

ரத்த வங்கியில் சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். கலந்திருக்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை வைக்கலாம். அந்த நாட்களில் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகின்றன. சில உடைந்து ஹீமோகுளோபினை வெளியே விடுகின்றன, சவ்வின் நுண்துகள்கள் உதிர்கின்றன, ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதாக இறக்கிவிட உதவும் 2,3-டிபிஜி என்ற பொருள் குறைகிறது. ஏற்றிய பிறகு 2,3-டிபிஜி மெல்ல மீண்டுவிடும். உடைந்த சரக்கோ உடம்பில் அழற்சியைக் கூட்டலாம்.

அழற்சிதான் இங்கே முக்கியம். எலும்பை அறுத்து ஆணி அடிப்பதே உடம்புக்குப் பெரிய காயம். அதனால் கிளம்பும் சைட்டோகைன்கள் என்ற அழற்சித் தூதுப் பொருட்கள், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பைத் தளர்த்தி, மூளைக்குள் இருக்கும் காவல் செல்களைத் தூண்டிவிடுகின்றன. ஏற்கெனவே எரிகிற அடுப்பில் ரத்தம் இன்னொரு சுள்ளியைப் போடுகிறதா என்பதே ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

அதே சமயம், ரத்தம் குறைந்தாலும் மூளைக்கு ஆபத்து. உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஹீமோகுளோபின் (100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு) 6-க்கு இறங்கினால், சுருங்கிப்போன ரத்தக் குழாய்களை வைத்துக்கொண்டு அந்தத் தேவையை ஈடுகட்ட 80 வயது மூளைக்குச் சிரமம்.

அப்படியானால் ஆய்வுகள் என்னதான் சொல்கின்றன?

இரண்டு வகை ஆய்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நடந்ததை வைத்துக் கணக்குப் பார்ப்பவை. 2014-இல் சீனாவிலிருந்து வந்த ஒன்று, இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட முதியவர்களில் மூன்று யூனிட்டுக்கு மேல் ஏற்றிக்கொண்டவர்களுக்கு முதல் வாரத் தடுமாற்றம் அதிகம் என்றது. இப்படி இன்னும் பல உண்டு. ஆனால் மூன்று யூனிட்டுக்கு மேல் ரத்தம் யாருக்குத் தேவைப்படும்? அதிகம் ரத்தம் இழந்தவருக்கு, ஏற்கெனவே சோகை இருந்தவருக்கு, சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவருக்கு, ஆபரேஷன் நீண்டுபோனவருக்கு. இவர்கள் எல்லோருக்குமே ரத்தம் ஏற்றாவிட்டாலும் குழப்பம் வரும் வாய்ப்பு அதிகம். புள்ளிவிவரத்தில் எவ்வளவு சரிக்கட்டினாலும் இந்தப் பின்னலை முழுசாக அவிழ்க்க முடியாது.

இன்னொன்று, சீட்டுக் குலுக்குவது போல நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்யும் சோதனை. நான் அதிகம் நம்புவது இதைத்தான். 2011-இல் வெளியான ஃபோகஸ் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட 2,016 பேர் இருந்தார்கள். சராசரி வயது 81-க்கு மேல்; எல்லோருக்கும் இதய நோயோ அதற்கான ஆபத்துக் காரணிகளோ இருந்தன. ஒரு குழுவுக்கு ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனாலே ரத்தம். மற்றதற்கு 8-க்குக் கீழே போனால், அல்லது சோகையின் அறிகுறி தெரிந்தால் மட்டும். 60 நாள் கழித்து, இறந்தவர்கள் அல்லது உதவியின்றி அறையைக் கடந்து நடக்க முடியாதவர்கள் முதல் குழுவில் 35.2 சதவீதம், இரண்டாவதில் 34.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. அதே ஆய்வின் ஒரு பகுதியாக 139 பேரிடம் டெலிரியத்தைத் தனியாக அளந்தார்கள். அதன் கடுமையிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

139 என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்து விவகாரம் முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நிறைய ரத்தம் ஏற்றியது மூளையைக் கெடுத்ததாகவும் தெரியவில்லை, காப்பாற்றியதாகவும் தெரியவில்லை. இன்றைய நிலையில் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது ஒரு எச்சரிக்கை அடையாளம், இந்த நோயாளியின் மூளையைக் கூடுதலாகக் கவனியுங்கள் என்று அது சொல்கிறது. அதுவே குற்றவாளி என்பதற்கு ஆதாரம் போதாது.

அப்போ ரத்தமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ரத்தம் பெருகி வழியும்போதோ, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, படபடப்பு என்று இதயம் திணறும்போதோ மறுப்பது உயிருக்கு ஆபத்து.

எந்த அளவுக்குக் கீழே போனால் ஏற்ற வேண்டும்?

முன்பு அமெரிக்க ரத்த வங்கிகள் சங்கம் என்று அழைக்கப்பட்ட ஏஏபிபி அமைப்பின் 2023 வழிகாட்டுதலில், நிலையாக இருக்கும் உள்நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 7. இதய ஆபரேஷனுக்கு 7.5. எலும்பு ஆபரேஷனுக்கும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் 8. ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் 1 கிராம் ஏறும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு டாக்டரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த மின்ட் ஆய்வில் (2023), 10 வரை உயர்த்தி வைத்த குழுவின் பக்கமே முடிவு சாய்ந்தது. வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். தலையில் அடிபட்டு, அல்லது மூளையில் ரத்தம் கசிந்து ஐசியூவில் இருந்தவர்களிடம் நடந்த டிரெய்ன் ஆய்வில் (2024), 7 வரை காத்திருந்ததைவிட 9-லேயே ஏற்றியது நரம்பியல் முடிவுகளில் நல்லதாக அமைந்தது. இடுப்பு எலும்பு முறிவு வேறு விஷயம் என்றாலும், குறைவான ரத்தம் எப்போதுமே நல்லது என்ற எண்ணத்தை இந்த இரண்டும் அசைக்கின்றன.

"இரண்டு யூனிட் ஏற்பாடு பண்ணி வையுங்கள்" என்றார்கள். இரண்டையும் ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. ஏற்பாடு செய்வது கையிருப்புக்காக. ரத்தப்போக்கு நின்று நிலையாக இருப்பவருக்கு ஒன்று ஏற்றி, ஆளைப் பார்த்து, ஹீமோகுளோபினை மறுபடி சோதித்து, தேவை என்றால் மட்டும் அடுத்தது. "கொடுத்துட்டாங்க, வீணாக்க வேண்டாம்" என்பதற்காக ஏற்றப்படும் இரண்டாவது பாக்கெட்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தானம் கொடுத்தவரின் ரத்தத்துக்கு மரியாதை, அது தேவைப்படுகிறவருக்குப் போய்ச் சேர்வதுதான். "எண் என்ன வந்திருக்கு டாக்டர், இன்னொன்று எதற்காகத் தேவைப்படுகிறது?" என்று பணிவாகக் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய ரத்தம் வேண்டாம், புதுசாகக் கொடுத்ததை ஏற்றுங்கள் என்று கேட்கலாமா?

அவசியம் இல்லை. சேமிப்பில் அணுக்கள் சிதைவது உண்மை என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமாகவே வந்தது, சோதித்தும் பார்த்தார்கள். ஏபிள், ரெசெஸ் (2015), இன்ஃபார்ம் (2016) என்ற மூன்று பெரிய ஆய்வுகளிலும் புது ரத்தம் பெற்றவர்கள் அதனால் கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை.

மகன் ரத்தமே அப்பாவுக்கு ஏற்றலாமா? அதுதானே பாதுகாப்பு?

நம் வீடுகளில் இந்த நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. ஆனால் நெருங்கிய ரத்த சொந்தத்தில் ஒரு தனி ஆபத்து உண்டு. மகனின் வெள்ளணுக்களை அப்பாவின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே தங்கிப் பெருகி அப்பாவின் தோல், குடல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கலாம். அபூர்வம்தான், வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. அதைத் தடுக்க அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே கொடுக்க வேண்டும். மகன் தாராளமாக ரத்த வங்கியில் தானம் செய்யட்டும். அது வேறு ஒருவருக்குப் போகட்டும், அப்பாவுக்கு வேறு ஒருவருடையது வரட்டும்.

ரத்தம் ஏறும்போது நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு வலி, அரிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் உடனே சொல்லுங்கள். பெரியவர்களிடம் அதிகம் பயப்பட வேண்டியது நீர்ப்பளு. பலவீனமான இதயத்துக்கு வேகமாக வரும் கூடுதல் திரவத்தைத் தாங்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஏறும்போதோ, முடிந்து சில மணி நேரத்துக்குள்ளோ படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் தவித்தால் அதுதான். ஆக்சிஜன் குறைவதால் புத்தியும் குழம்பும். ரத்தம் நேரடியாகக் குழப்பம் உண்டாக்கும் வழிகளில் உடனே கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடியது இது. மெதுவாக ஏற்றச் சொல்லலாம். ஆனால் ஒரு பாக்கெட் நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

ரத்தப் பரிசோதனை. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே அதிகம் பலன் தரக்கூடியது இதுதான். ஆண்களுக்கு 13-க்கும் பெண்களுக்கு 12-க்கும் கீழே இருந்தால் சோகை. "வயசுக்கு இவ்வளவு போதும்" என்று விடாமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவா, மூலமோ குடல் புண்ணோ மெதுவாகக் கசிகிறதா, சிறுநீரகமா?

பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் அது குறைவது சகஜம். குறைந்தால் சோகையும் வரும், மறதியும் வரும். ஆபரேஷனுக்கு முன்பே இருந்த மறதியை அப்புறம் ஆபரேஷன் மேல் பழி போடும் நிலையை இந்த ஒரு பரிசோதனை தவிர்க்கலாம்.

இரும்பை ஊசியாக ஏற்றுவது பற்றியும் கேட்பார்கள். பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு முன் சோகை உள்ளவர்களிடம் சோதித்த பிரிவென்ட் ஆய்வில் (2020) அது ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கவில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களில் ஹீமோகுளோபின் மேலே நின்றது. இரும்புக் குறைவு உறுதியானால், காலம் இருந்தால், சரிசெய்வது நல்லது.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் பற்றியும் மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் கண்டுபிடித்த விலை குறைந்த மருந்து. 9,535 பேரிடம் நடந்த பாய்ஸ்-3 ஆய்வில் (2022) பெரிய ரத்தப்போக்கை 11.7 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைத்தது. இழக்காத ரத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை.

எலும்பு முறிந்து வந்தவருக்கும் முதலில் ரத்தம் ஊற வைத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாமா?

கூடாது. முறிந்த எலும்போடு கட்டிலில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கெடுதல். 2020-இல் வந்த ஹிப் அட்டாக் ஆய்வில் சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும், வழக்கமான நேரத்தில் செய்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் டெலிரியம் வந்தது.

முதுகில் ஊசி போட்டுச் செய்தால் புத்தி தடுமாறாதா?

அப்படித்தான் வெகுநாள் நம்பினோம். 2021-இல் ரீகெயின் ஆய்வு இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரிடம் சோதித்தது. முதுகில் ஊசி: 20.5 சதவீதம் டெலிரியம். முழு மயக்கம்: 19.7. எது பொருத்தம் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் விடுங்கள்.

வார்டில் கூட இருக்கும் நாங்கள் செய்யக்கூடியது என்ன?

நிறைய இருக்கிறது. ஷாரன் இனூயே என்ற அமெரிக்க மருத்துவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பொது மருத்துவ வார்டில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரிடம், மருந்தே இல்லாத கவனிப்பால் டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. என்ன கவனிப்பு? இன்றைக்கு என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று பேசுவது, எழுப்பி நடக்க வைப்பது, ராத்திரி தூங்க விடுவது, கண்ணாடியும் காது மிஷினும் போட்டுவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது. அங்கே இதற்கென்று தொண்டர்களைப் பயிற்றுவித்தார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு ஒரு சொந்தக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே, ஆபரேஷனுக்கு முன் கழற்றிக் கொடுத்த கண்ணாடி, பல் செட், காது மிஷின் மூன்றும் உங்கள் பையிலேயே கிடக்க விடாதீர்கள். பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள். டாக்டர் அனுமதித்தால் மறுநாளே உட்கார வைத்து, நிற்க வையுங்கள். மூத்திரக் குழாயை எப்போது எடுப்பார்கள் என்று தினமும் கேளுங்கள். மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்கு வையுங்கள். வலி இருக்கிறதா என்று நீங்களாகக் கேளுங்கள். நம் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருப்பார்கள், அடக்கிய வலியும் குழப்பும். "நான் சொன்னேனே, மறந்துட்டீங்களா" என்று அதட்டாதீர்கள். செத்துப்போன அண்ணனைத் தேடினால் வாதாட வேண்டாம், அண்ணனைப் பற்றியே பேசச் சொல்லிக் கேளுங்கள்.

பத்துப் பேர் மாறி மாறி வருவதைவிட, தெரிந்த முகம் இரண்டு பேர் முறைபோட்டு இருப்பது நல்லது.

டாக்டரிடம் மறைக்கக் கூடாத விஷயம் ஏதாவது?

இரண்டு. அப்பா தினமும் குடிப்பவர் என்றால் அளவோடு சொல்லிவிடுங்கள். மரியாதை போகும் என்று மறைத்த வீடுகளில்தான், ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். அது குடி திடீரென நின்றதால் வருவது, சிகிச்சையும் வேறு. அடுத்தது தூக்க மாத்திரை. பல வருஷமாக அல்பிரசோலம் போடுபவருக்குச் சட்டென நிறுத்தினாலும் அதே கதி. பழக்கமில்லாதவருக்குத் தூக்கம் வரவில்லை என்று புதிதாகக் கொடுத்தாலும் குழப்பம் கூடும். சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமினும் அப்படித்தான், அதனால் வெளியே மருந்துக் கடையில் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எப்போது சரியாகும்? எப்போது மறுபடி காட்ட வேண்டும்?

டெலிரியம் பெரும்பாலும் சில நாளில் தெளியும். சிலருக்கு வாரங்கள் ஆகும். வீட்டுக்கு வந்த பிறகு பணம், மாத்திரை, கேஸ் அடுப்பு மூன்றையும் கொஞ்ச நாள் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று மாதம் கழித்தும் மந்தம் இருந்தால் நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் காட்டி முறையாக நினைவுத்திறன் சோதனை செய்யுங்கள். நன்றாகிவிட்டுத் திடீரெனக் குழம்பினால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

பின்னால் இன்னொரு ஆபரேஷன் வந்தால்?

ஒரு முறை டெலிரியம் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எழுதச் சொல்லுங்கள். பல நேரம் எலும்பில் போட்ட ஆணியின் அளவுவரை இருக்கும், நான்கு நாள் ஆள் தெரியாமல் இருந்தது மட்டும் இருக்காது. எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், ஏற்றும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு, குழப்பம் எந்த நாள் தொடங்கி எப்போது தெளிந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்கு வரி போதும். அடுத்த முறை மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள்.